செந்தூல் ஃப்ளெட்டில் பாலைவனம் காட்டுவது எப்படி

நான் ஏர்கோன் வேலை செய்கிறவன். 22 வருடமாகக் கோலாலம்பூரில் ஏணி ஏறி, காயில் (ஏர்கோனுக்குள் இருக்கும் குளிர்க் குழாய்ச்சுருள்) கழுவி, கேஸ் நிரப்பிப் பிழைப்பு ஓடுகிறது. அறிவியல் ஆசிரியர் இல்லை. ஆனால் ஓர் இடத்துச் சூட்டை எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுவதுதான் என் தொழில். பாலைவனத்து விலங்குகளும் பொழுதெல்லாம் அதே வேலையைத்தான் பார்க்கின்றன என்று மகளின் பயிற்சி நூலைத் திறந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த நூலில் ஒரு கேள்வி: ஒட்டகத்தின் திமிலில் என்ன சேமிக்கப்படுகிறது? மகள் முதலில் 'கொழுப்பு' என்று எழுதியிருக்கிறாள். பின்பக்கத்து விடைப்பட்டியலில் 'நீர்' என்று இருந்ததும் அழித்துவிட்டு 'நீர்' என்று மாற்றிவிட்டாள். அழித்த தடம் தாளில் அப்படியே தெரிந்தது. எந்த நூல் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எனக்கு வந்த கோபத்தை மட்டும் சொல்கிறேன். பிராணிகள் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி உயிர் பிழைத்திருப்பதற்குப் பள்ளியில் 'நீடுநிலவல்' என்று கனமான பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் நீண்ட இமை, அகன்ற பாதம், திமில் என்று மூன்றை மனப்பாடம் செய்து, மூன்று புள்ளி வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

அந்தப் பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே சிலவற்றைச் செய்து காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். உங்கள் வீட்டிலும் செய்யலாம். ஆனால் நம்ம ஊரில் செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. காற்றில் எந்நேரமும் ஈரம். அது உங்களைப் பல இடங்களில் ஏமாற்றும். எங்கெங்கே நான் ஏமாந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாங்க வேண்டியது ஒன்றுதான்: துப்பாக்கி மாதிரி பிடித்துச் சூடு பார்க்கும் வெப்பமானி. கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்த வகை உதவாது. அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே படிக்கும். மற்றபடி 'எர்ரர்' காட்டும். எங்களைப் போன்ற ஆட்கள் வைத்திருக்கும் வகையை ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள். சிவப்புப் புள்ளி விழும் கருவி, பிள்ளைகள் கண்ணில் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பளபளப்பான தகரம், அலுமினியத் தாள் மேல் இதைக் காட்டினால் தப்பான எண் சொல்லும். ஒரு துண்டு கறுப்பு ஒயரிங் டேப் ஒட்டி அதன்மேல் காட்ட வேண்டும். இது தெரியாமல் புதுப் பையன்கள் குழாய்ச் சூட்டைத் தப்பாக எழுதி வருவதை நான் வாராவாரம் பார்க்கிறேன். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: ஐஸ், பழைய காலுறை, மெழுகுவர்த்தி, கண்ணாடித் தம்ளர், எவர்சில்வர் கரண்டி, ஒரு பழைய துண்டு.

ஈரத்துணியில் தொடங்குங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை உடம்பின் மேலேயே காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூடு போய்விடும். ஒரு வேளை நாசி லெமாக்கின் கணக்கு என்று பிள்ளைகளிடம் சொன்னேன், உடனே புரிந்துவிட்டது. அதாவது குளிர்ச்சிக்கு விலை உண்டு, அந்த விலை தண்ணீர். பாலைவனத்தில் குளிர்ச்சியும் வேண்டும், கொடுக்கத் தண்ணீரும் இல்லை. அங்கே வாழும் ஒவ்வொரு பிராணியும் இந்தக் கட்டணத்தைக் கட்டாமல் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. இதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் தானாக வரும்.

ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நாற்காலி முதுகில் போடுங்கள். பக்கத்திலேயே காய்ந்த துண்டு ஒன்று. இரண்டுக்கும் ஒரே காற்றாடி. பத்து நிமிடம் கழித்துச் சூடு பாருங்கள்.

நான் முதலில் இதை வராந்தாவில் செய்தேன். மதியம் மழை விட்ட நேரம். காய்ந்த துண்டு 27, ஈரத்துண்டு 26. பிள்ளைகள் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "அங்கிள், இது அவ்வளவுதானா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். தொழில் தெரிந்தவனுக்கே அந்தக் கதி. மழை விட்ட காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. துணி எப்படிக் காயும்? காயாத துணி எப்படிக் குளிரும்?

பிறகு எல்லாரையும் படுக்கையறைக்குள் கூட்டிப்போய் ஏர்கோனை முடுக்கி, ஒரு மணி நேரம் காற்றைக் காயவிட்டு அதையே செய்தோம். காய்ந்தது 24, ஈரமானது 18. ஆறு டிகிரி வித்தியாசம். அதே துண்டு, அதே தண்ணீர். சஹாரா போன்ற இடத்தில் காற்று 40 டிகிரிச் சூட்டில், பத்தே சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் 20 டிகிரி வரை போகும்.

இந்தத் தோல்வியை நீங்களும் வேண்டுமென்றே செய்யுங்கள். முதலில் வெளியே, பிறகு உள்ளே. கோலாலம்பூரில் நமக்கு ஏன் வியர்வை சொட்டுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். சொட்டி விழுந்த வியர்வையால் உடம்புக்கு லாபம் இல்லை, ஆவியானால்தான் லாபம். பாலைவனத்தில் வியர்வை வருவதே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்துவிடும். மனுசனுக்கு அங்கே வெயிலில் வேலை செய்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும். சட்டை நனையாததால் அவனுக்கே தெரியாது.

ஒட்டகம் பட்டனைத் திருப்பி வைக்கிறது

வாடிக்கையாளர்களிடம் நான் தினமும் சொல்வது: "அக்கா, 18-ல வைக்காதீங்க, 26-ல வைங்க, பில்லு குறையும்." ஒட்டகம் இதை யாரும் சொல்லாமலே செய்கிறது.

தண்ணீர் கிடைக்காத நாட்களில் அதன் உடம்புச் சூடு விடியற்காலையில் 34 டிகிரி வரை இறங்கி, பிற்பகலில் 40-ஐத் தாண்டுகிறது. நமக்கு 40 என்றால் கிளினிக்குக்கு ஓடுவோம். ஒட்டகத்துக்கு அது வழக்கமான சாயங்காலம். 1953-54-ல் கனுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் அல்ஜீரியாவின் பெனி அப்பாஸ் பாலைவனச் சோலைக்கே போய்த் தங்கி இதையெல்லாம் அளந்தார்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 500 கிலோ ஒட்டகம் ஆறு டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2,400 கிலோகலோரி உடம்புக்குள்ளேயே தங்குகிறது. அதை வியர்த்து வெளியே தள்ள நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒட்டகம் தள்ளுவதில்லை. இரவு வரை வைத்திருந்து, குளிர்ந்த காற்றுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு டிகிரிதான். தேவை வந்தால் மட்டும் சிக்கனம்.

இதை வீட்டில் காட்ட ஒரு பெரிய வாளியும் ஒரு சின்னத் தம்ளரும் போதும். இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீர், இரண்டும் வெயிலில். அரை மணி நேரத்தில் தம்ளர் சுடும், வாளி அசையாது. பெரிய உடம்புக்குச் சூடேற நேரம் பிடிக்கும். ஒட்டகத்தின் தந்திரம் எலிக்குப் பலிக்காது என்பதற்கு இதுதான் காரணம். எலிக்குப் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

தண்ணீர் இழப்பையும் சொல்லிவிடுங்கள். ஒட்டகம் உடம்பு எடையில் கால்வாசி அளவுக்கு நீர் இழந்தும் நடக்கும். 40 கிலோ பிள்ளைக்கு அது பத்துக் கிலோ. "உன் புத்தகப் பை எவ்வளவு கனம்?" என்று கேட்டாலே போதும். திரும்பக் குடிக்கும்போது பத்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை உள்ளே போகும். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் 66. வேறு பிராணிக்கு ரத்த அணுக்கள் ஊதி வெடித்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை, இரண்டு மடங்குக்கு மேல் ஊதியும் தாங்கும்.

காலுறைக்குள் ஐஸ்

இதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. முதலில் கேள்வி கேட்டுவிட்டு ஆளாளுக்குப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். வெயிலில் இரண்டு ஐஸ் கட்டி. ஒன்று சும்மா, இன்னொன்று தடித்த காலுறைக்குள். எது முதலில் கரையும்?

ஐந்து பேரில் நாலு பேர் "காலுறைக்குள்ள இருக்கறதுதான், ஏன்னா கம்பளி சூடு" என்றார்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில், மதியம் பன்னிரண்டரைக்குத் தட்டில் வைத்தோம். சும்மா இருந்தது கால் மணி நேரத்தில் தண்ணீர். காலுறைக்குள் இருந்தது முக்கால் மணி நேரம் கழித்தும் கோலிக்குண்டு அளவுக்கு மிச்சம். என் வண்டியில் கிடந்த கறுப்பு நுரைக்குழாய்த் துண்டுக்குள் ஒன்றைப் போட்டு இரண்டு பக்கமும் அடைத்து வைத்தேன். செப்புக் குழாய் மேல் சுற்றுவோமே, அதுதான். அது இன்னும் நேரம் தாங்கியது. அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி விற்பார்கள் என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மரத்தூள் ஐஸைச் சூடாக்கவில்லையே!

கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சூடு போகிற வழியை அது மறிக்கிறது, அவ்வளவுதான். உள்ளே சூடு இருந்தால் வெளியே விடாது, வெளியே சூடு இருந்தால் உள்ளே விடாது. வெயிலில் நிற்கும் ஒட்டகத்தின் முதுகு ரோமத்தின் மேல்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும்போது, அடியில் தோல் 40-ஐ ஒட்டியே இருக்கும். ரோமத்தை மழித்துப் பார்த்தார்கள், வியர்வை ஒன்றரை மடங்கு ஆனது.

இந்த இடத்தில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அப்ப கொழுப்பும் கம்பளி மாதிரிதானே? ஏன் முதுகுல மட்டும் மூட்டை கட்டி வச்சிருக்கு?" நானே யோசிக்காத கேள்வி. கொழுப்பு உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் எல்லாப் பக்கமும் நுரைக்குழாய் சுற்றின மாதிரி ஆகிவிடும். இரவில் சூட்டை எப்படி வெளியே விடும்? ஆகவே மேலே ஒரே இடத்தில் குவித்துவிட்டு, வயிறு, கால் பக்கமெல்லாம் மெல்லியதாக விட்டிருக்கிறது. இந்தப் பதிலில் பாதி அவளே சொன்னது.

திமிலுக்கு மெழுகுவர்த்தி

இப்போது அந்த விடைப்பட்டியலுக்கு வருவோம். திமிலில் இருப்பது கொழுப்பு. நன்றாகத் தின்ற ஒட்டகத்துக்கு 30 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். பட்டினி கிடந்தால் திமில் சாய்ந்து தொங்கும். ஆக அது சாப்பாட்டு டின்.

ஆனால் 'நீர்' என்று எழுதியவர் எங்கிருந்து பிடித்தார் என்பதற்கும் ஒரு வேர் உண்டு. கொழுப்பை எரித்தால் தண்ணீர் பிறக்கும். நம்பாத பிள்ளைகளுக்கு, கொழுப்புக்குப் பதில் மெழுகை எரித்து இப்படிக் காட்டுங்கள். பெரியவர்தான் செய்ய வேண்டும். கண்ணாடித் தம்ளரை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தலைகீழாகப் பிடித்து, மெழுகுவர்த்தி சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள். சுடரைத் தொடக் கூடாது, கரி படிந்துவிடும். மூன்று நாலு விநாடியில் உள்பக்கம் பனி மூட்டம் போல் மங்கும். கண்ணாடி சூடானதும் அது மறைந்துவிடும். அந்த மங்கல்தான் மெழுகிலிருந்து பிறந்த தண்ணீர்.

இங்கேயும் நான் முதலில் ஏமாந்தேன். தெளிவாகத் தெரியட்டும் என்று தம்ளரைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தேன். கையில் எடுத்ததுமே வெளியேயும் உள்ளேயும் வியர்த்துக் கொட்டியது. மெழுகுவர்த்தி ஏற்றவே இல்லை! நம்ம ஊர்க் காற்றின் வேலை. தம்ளர் அறைச் சூட்டில்தான் இருக்க வேண்டும். ஐஸ் பக்கமே போகாதீர்கள்.

ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் எரிந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் வரும், ஏனென்றால் மூச்சில் இழுத்த ஆக்சிஜனும் அதில் சேருகிறது. அப்படியானால் திமில் தண்ணீர்த் தொட்டிதானே என்று புத்திசாலிப் பிள்ளை மடக்கும். மடக்கட்டும். அவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமென்றால் நிறைய மூச்சு விட வேண்டும். வறண்ட காற்று உள்ளே போய், நுரையீரலில் நனைந்து வெளியே வரும். ஆகவே எரித்ததில் வந்த நீர் மூச்சிலேயே கரைகிறது. வரவும் செலவும் அடித்துப்போய்விடுகிறது.

அந்தக் கணக்கை லாபத்தில் முடிக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். வட அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலி. உள்ளங்கையில் அடங்கும் பிராணி. காய்ந்த விதையைத் தின்றே, வாழ்நாள் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டிவிடும். பகலெல்லாம் வளைக்குள். தன் மூச்சின் ஈரத்தாலேயே வளைக்காற்று ஈரமாக இருக்கும். சிறுநீர் நம்முடையதைவிடப் பல மடங்கு கெட்டி. இன்னொன்று அதன் மூக்கு.

அந்த மூக்கைக் காட்டத்தான் எவர்சில்வர் கரண்டி. ஏர்கோன் அறையிலேயே கிடந்த கரண்டியின் மேல் வாய் திறந்து 'ஹா' என்று ஊதினால் மங்கும். அதையே சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டு ஊதினால் மங்காது. குளிர்ந்த பரப்பைத் தொட்டால் மூச்சு தன் ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். கங்காரு எலி வறண்ட காற்றை உள்ளே இழுக்கும்போது மூக்கின் ஈரச் சுவர் குளிர்கிறது. நம் ஈரத்துண்டு மாதிரி. வெளியே விடும்போது மூச்சு அதே குளிர்ந்த சுவரில் உரசி, ஈரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. என் ஏர்கோன் காயிலில் நடப்பதும் இதுதான். எங்கள் ஒன்றரை ஹார்ஸ்பவர் யூனிட்டின் குழாயடியில் ராத்திரி ஒரு வாளி வைத்தேன். காலையில் முக்கால் வாளி. "இவ்வளவும் நம்ம ரூம் காத்துல இருந்துதா?" என்று என் மனைவியே கேட்டார். அவர் அந்தத் தண்ணீரில் செடிக்கு ஊற்றுகிறார்.

சட்டென்று முடிக்கக் கூடியவை

வளை: ஃப்ளெட் பின்னால் இருக்கும் பந்துத் திடலில் புல் இல்லாத மண்ணைப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது மேலே 49 டிகிரி, ஒரு சாண் தோண்டியதும் 32. பாலைவன மணல் மேலே 70 வரை போகும். பெரும்பாலான சின்னப் பிராணிகள் பகலில் வெளியே வராததற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

காது: ஃபென்னெக் நரியின் எடை ஒன்றரை கிலோகூடத் தேறாது, காது மட்டும் 15 செண்டிமீட்டர். கார் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைக் காட்டுங்கள். மெல்லிய பரப்பு, உள்ளே ஓடும் சூடான திரவம், மேலே காற்று.

வெள்ளி எறும்பு: சஹாராவில் மற்றவை ஒளியும் உச்சிவேளையில்தான் இது இரை தேட வெளியே வரும், அதுவும் சில நிமிடம்தான். உடம்பெல்லாம் முக்கோண வடிவ முடி. வெயிலைத் திருப்பி அடிப்பதோடு உடம்புச் சூட்டையும் கதிராக வெளியே விடும் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். கார் கண்ணாடிக்கு டிண்ட் ஒட்டுகிறவர்கள் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். இரண்டு மிலோ டின்னில் தண்ணீர் ஊற்றி, ஒன்றுக்குக் கறுப்புத் தாள், ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றி வெயிலில் வையுங்கள். பிறகு துப்பாக்கியைத் தண்ணீர் மேல் காட்டுங்கள், தாள் மேல் காட்டாதீர்கள்.

முள்பல்லி: ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஈர மணலில் நின்றால் போதும், தோலின் நுண்ணிய பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் தானாக ஏறி வாய்க்கு வந்துவிடும். டிஷ்யூ தாளின் நுனியை ரோஸ் சிரப்பில் தொட்டு, ஏறுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் செய்தபோது மேசைவிரிப்பு வீணானது. தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அகன்ற பாதம், நீண்ட இமை எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். விட்டுவிடலாம்.

பள்ளிக்கு எடுத்துப் போவதானால்

பிள்ளைகள் படைப்பாகச் செய்தால் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஐஸ் சோதனையை எடுத்துப் போகாதீர்கள், ஜாலான் ஈப்போ நெரிசலிலேயே கரைந்துவிடும். மெழுகுவர்த்திக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். எண்களை அட்டையில் பெரிதாக எழுதி, எந்த நேரம், மழையா வெயிலா, ஏர்கோனா வராந்தாவா என்பதைப் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

என் மகள் ஈரத்துண்டைத்தான் எடுத்துப் போனாள். மண்டபத்தில் காற்றாடி மட்டும். வெளியே மழை. ஆசிரியை துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார், இரண்டு துண்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். அட்டையில் ஆறு என்று எழுதியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "டீச்சர், இன்னிக்கி மழை. இந்தக் காத்துல ஒட்டகம் நின்னாலும் அதுக்கு வேர்வை காயாது."

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அட்டையில் ஆறுக்குப் பக்கத்தில் 'மழை நாளில் 1' என்று அவளையே எழுதச் சொன்னார்.